சேர்வருக்குள் இருந்தவர்

எங்கள் அலுவலகத்தில் கணினி பழுதானால் திட்டு விழுவது கணினிக்கல்ல, எனக்கு. திருகோணமலையில் துறைமுகத்தைப் பார்த்தபடி இறங்கும் வீதியில் பழைய வீடொன்றை வாடகைக்கு எடுத்து நடத்திய நிவாரண அலுவலகம் அது. கணினிகளையும் அவற்றை இணைக்கும் கம்பிகளையும் பார்த்துக்கொள்வது என் வேலை. மின்னஞ்சல் போகாவிட்டால் நான். பிரின்டரில் தாள் சிக்கினால் நான். கடற்படை முகாம் பக்கம் ஏதாவது வெடித்து மின்சாரம் போனாலும், மேலாளர் அறைக் கதவைத் திறந்து முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார். எந்த வியாதிக்கும் அவரிடம் இருந்தது ஒரே மருந்து: "மிஸ், ஒருக்கா நிப்பாட்டி, திரும்பப் போட்டுப் பாருங்கோ."

எங்கள் சேர்வர் உண்மையில் இல்லாத ஒன்று. மேசைக்குக் கீழே ஒரு பெட்டிதான் இருந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் அந்தப் பெட்டிக்குள் மென்பொருளால் இன்னொரு கணினியை உண்டாக்கி வைத்துவிட்டுப் போனார். மெய்நிகர் சேர்வர் என்று பெயரும் சொல்லித் தந்தார். தொட்டுப் பார்க்க முடியாது, தூக்கி வைக்க முடியாது. ஆனால் அதற்கென்று நினைவு உண்டு, மணிக்கூடு உண்டு, யார் யாரை உள்ளே விடலாம் என்ற அறிவும் உண்டு. எல்லோரும் பங்கிட்டுப் பாவிக்கும் கோப்புகள் அதற்குள்ளேதான் கிடந்தன. கணக்காளராக இருந்த கிண்ணியா முஸ்லிம் அண்ணர், எங்கள் எல்லோருக்கும் நானா, ஒருநாள் இதென்ன சங்கதி என்று விளக்கம் கேட்டார். பொறுமையாகச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப கண்ணுக்குத் தெரியாத ஜின் எண்டு சொல்லுங்கோவன் மிஸ்" என்றார்.

அந்த ஜின்னைத் தூங்கவைக்கும் பழக்கமொன்று எங்களிடம் இருந்தது. முறைப்படி பின்னேரத்தில் எல்லோரும் கோப்புகளை மூடி, வெளியேறி, அதன் பிறகு சேர்வரை ஒழுங்காக நிறுத்த வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். எங்களுக்கோ பொழுது சாய்ந்த பிறகு வீதியில் நிற்கவே கூடாது. நானா கிண்ணியாவுக்குத் தண்ணீர் கடக்கும் கடைசிப் பாதையை, அந்த மிதவைப் படகை, பிடிக்க வேண்டும். மற்றவர்கள் சோதனைச் சாவடிகள் இறுகுவதற்குள் வீடு சேர வேண்டும். சாரதி வாசலில் வானை நிறுத்தி ஹோர்ன் அடித்தால் பேனையை மூடக்கூட நேரமில்லை. ஆகவே நாங்கள் சேர்வரை நிறுத்துவதில்லை. அப்படியே உறையவைத்துவிட்டுப் போவோம். நினைவில் இருந்தது இருந்தபடி, திறந்திருந்தது திறந்தபடி அது தூங்கும்; மின்சாரம் போனாலும் கலையாது. அடுத்த நாள் எழுப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மேலாளர் சம்மதித்து நடந்த விசயம்தான். போர்க்காலத்தில் எல்லா அலுவலகமும் ஏதோ ஒரு குறுக்கு வழியில்தான் நடந்தது, எங்களுடையது இது.

ஹோர்ன் கேட்டதும் முதலில் எழும்புகிறவர் எங்கள் வெளிக்கள அலுவலர். வெருகல் பக்கமும் இலங்கைத்துறைப் பக்கமும் சண்டை ஓய்ந்து, இடம்பெயர்ந்த சனம் திரும்பிப் போகத் தொடங்கியிருந்த காலம் அது. அவர் அந்த ஊர்களுக்குப் போய்க் குடும்பங்களைப் பதிந்து வருவார். வந்து தன் லப்டொப்பில் இரண்டு விரலால் குத்திக் குத்திப் பொதுக் கோப்பில் ஏற்றுவார். ஹோர்ன் அடித்தால் லப்டொப்பை டப்பென்று மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கோப்பை மூடுவதுமில்லை, வெளியேறுவதுமில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"உங்கட வீட்டுக் கதவையும் இப்பிடித்தான் ஆவெண்டு திறந்துபோட்டு வாறனீங்களோ?"

"வீட்டில ஆள் இருக்கு மிஸ். நான் ஏன் பூட்டுவான்?" என்று சிரித்துக்கொண்டே போவார். கோபிக்க வேண்டியவளையும் சிரிக்கவைத்துவிட்டுப் போகிற ஆள். அவர் மேல் எனக்கு நிறைய மரியாதை இருந்தது. அதை நான் ஒருநாளும் காட்டியதில்லை.

ஒரு பின்னேரம் வழக்கம்போல லப்டொப்பை மூடிக்கொண்டு வானில் ஏறினார். உப்புவெளிப் பக்கம், வீட்டுக்குப் போகும் ஒழுங்கை முகப்பில் சாரதி அவரை இறக்கிவிட்டார். கூப்பிட்டால் வீட்டில் கேட்கிற தூரம்தான். அவர் வீடு போய்ச் சேரவில்லை. கண்டவர்கள் இருந்திருப்பார்கள், சொன்னவர்கள் இல்லை. அன்றைக்கு அந்தப் பக்கம் ஆள் கடத்தும் வெள்ளை வான் ஒன்று நின்றதாக மட்டும் யாரோ யாருக்கோ சொல்லி, அது மூன்றாம் வாயால் எங்களுக்கு வந்தது.

அடுத்த நாள் கடையடைப்பு. அதைத் தொடர்ந்து ஊரடங்கு, சுற்றிவளைப்பு, மின்வெட்டு. அலுவலகம் பல நாட்களாகப் பூட்டிக் கிடந்தது. திரும்பத் திறந்த நாளில் வாசலில் முதல் ஆளாக நின்றவர் அவருடைய மனைவி. ஆரம்பப் பள்ளிக்கூட ஆசிரியை; எனக்கு அக்கா, நானாவுக்கு ரீச்சர். இடுப்பில் மகள், தோளில் தண்ணீர்ப் போத்தல். அதற்குள் எல்லா முகாம் வாசலிலும் நின்று பார்த்துவிட்டார், எல்லா அரச கந்தோரிலும் கேட்டுவிட்டார். மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்த மாதிரி, வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். முகத்தை மூடிய தொப்பி. "எங்க எல்லாம் போய்க் கேக்கிறீங்கள்? ஆரிட்டச் சொன்னீங்கள்?" என்று படலையில் நின்று கேட்டிருக்கிறார்கள். கொழும்பில் இருந்த அவருடைய தமையன், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உடனே வெளிக்கிடு என்று தொலைபேசியில் அழுதாராம். மறுநாள் காலை எங்கள் வான் இராணுவ அனுமதியோடு கொழும்புக்குப் போக இருந்தது. மேலாளர் அதில் இருவருக்கும் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். அக்காவும் ஓம் என்று தலையாட்டிவிட்டு, கணவருடைய சாமான்களை எடுத்துப்போக முன் மண்டபத்தில் காத்திருந்தார்.

உள்ளே எனக்கு வேறு தலையிடி. பொதுக் கோப்புறை ஒருவருக்கும் திறக்கவில்லை. எல்லாத் திரையிலும் ஒரே பதில், அனுமதி இல்லையாம். கம்பிகளைப் பார்த்தேன், பச்சை விளக்குகள் ஒழுங்காக மின்னின. கடவுச்சொற்களைப் பார்த்தேன், சரி. மேலாளர் தன் மருந்தைச் சிபாரிசு செய்தார். "முதல் என்ன வருத்தமெண்டு பாப்பம் சேர், மருந்து பிறகு" என்றேன். சேர்வரின் திரையைத் திறந்து மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வந்து, மூலையில் இருந்த மணிக்கூட்டில் கண் நின்றது. அங்கே இன்னும் அந்தப் பின்னேரம்தான்.

விசயம் இதுதான். உறையவைக்கும்போது அதன் மணிக்கூடும் நின்றுவிடும். எழுப்பியதும் வெளிப்பெட்டியைக் கேட்டுச் சரியான நேரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். பூட்டிக் கிடந்த நாட்களில் மின்சாரம் போய்வந்ததில் அந்தத் தொடர்பு அறுந்துபோயிருக்கிறது. தன் நேரத்துக்கும் கதவைத் தட்டுகிறவர்களின் நேரத்துக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் சேர்வர் யாரையும் நம்பாது, உள்ளே விடாது. எங்கள் எல்லோரையும் அது வருங்காலத்திலிருந்து வந்த கள்ளர்களாக எண்ணி வெளியே நிறுத்தியிருந்தது. அதன் கணக்கில் சாரதி இப்போதுதான் ஹோர்ன் அடித்து ஓய்ந்திருந்தார். யாரும் இன்னும் ஒழுங்கை முகப்பில் இறங்கவில்லை. எனக்கு அதன் மேல் பொறாமையாக இருந்தது. ஒரு இயந்திரத்தின் மேல் பொறாமைப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

பிறகு சரியான திகதியை அடித்து நேரத்தைத் திருத்தினேன். கோப்புறை எல்லோருக்கும் திறந்தது. மேலாளர் கைதட்டினார். அந்தச் சத்தம் ஓய்வதற்குள் நானா தன் மேசையிலிருந்து கூப்பிட்டார்.

"மிஸ், கொஞ்சம் இஞ்ச வாங்கோ."

குரல் சரியில்லை. போய்ப் பார்த்தேன். குடும்பப் பதிவுக் கோப்பைத் திறக்க முயன்றிருக்கிறார். கோப்பு வேறொருவரின் பாவனையில் இருக்கிறது, நீங்கள் வாசிக்க மட்டும் முடியும் என்று திரை சொன்னது. யாருடைய பாவனையில் என்ற இடத்தில் காணாமல் போன எங்கள் வெளிக்கள அலுவலருடைய பெயர் இருந்தது. முதலெழுத்தோடு, முழுப்பெயர்.

"இதென்ன மிஸ் இது? ஆள் உள்ளுக்க இருக்கிறாரா?"

நான் வாய் திறப்பதற்குள் நானா கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி முன் மண்டபத்துக்குப் போய்விட்டார். "ரீச்சர், ஒருக்கா வாங்கோ. அவர்ட பேர் இருக்கு. வேலை செய்துகொண்டிருக்கிறாராம்" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

சும்மா கிடந்த சங்கை ஊதிவிட்டாரே என்று அவர் மேல் எரிச்சல் வந்தது உண்மை. ஆனால் அவரில் பிழை சொல்ல முடியாது. அந்த நாட்களில் காணாமல் போனவர்களைப் பற்றி எந்தச் செய்தியும் நேர் வழியால் வரவில்லை. விடுபட்டு வந்த ஒருவர், பக்கத்து அறையில் இன்னாருடைய செருமல் கேட்டது என்பார். பஸ் கொண்டக்டர், ஒரு ட்ரக்கில் இன்னாருடைய கோடு போட்ட சேர்ட்டைக் கண்டேன் என்பார். அதைப் பிடித்துக்கொண்டு தாய்மார் மாதக்கணக்கில் அலைவார்கள். செருமலை நம்பிய ஊருக்குக் கணினித் திரையில் எழுதிய முழுப்பெயரை நம்புவதில் என்ன கஷ்டம்?

அக்கா ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார். மகளை நானாவின் கதிரையில் இருத்திவிட்டுத் திரைக்குக் கிட்டக் குனிந்து வாசித்தார். வகுப்பில் பிள்ளைகளின் கொப்பி பார்க்கிறவரின் வாசிப்பு. பிறகு என்னிடம் திரும்பினார்.

"தங்கச்சி, லப்டொப் அவரோடதானே போனது?"

"ஓம் அக்கா."

"அப்ப அந்த லப்டொப் எங்கயோ ஓன்ல இருக்கு."

"அப்பிடி உறுதியாச் சொல்ல ஏலாது அக்கா. இது பழைய இணைப்பா இருக்கலாம். மூடாமப் போனதால அப்பிடியே நிக்கலாம்."

"இருக்கலாம் எண்டா, இல்லாமலும் இருக்கலாம்தானே?"

அக்கா மேலாளரிடம் போய், சத்தம் போடாமல், நாளைக்கு வானில் தான் வரவில்லை என்று சொன்னார். "அவர் இஞ்ச இருக்கேக்க நான் ஏன் போவான் சேர்?"

மேலாளர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அந்த மனிசன் பயந்திருந்தார். தனக்காக அல்ல. "மிஸ், அந்தப் பொம்பிள இண்டைக்குப் பின்னேரம் அந்த வீட்ட திரும்பிப் போனால் என்ன நடக்குமெண்டு உங்களுக்குத் தெரியும்தானே? அந்தப் பேரை எடுத்துவிடுங்கோ. ஒருக்கா நிப்பாட்டிப் போட்டாப் போகும்தானே?"

அவருடைய மருந்து வாழ்நாளில் முதல் தடவையாகப் பொருந்துகிற வருத்தம் அது. நிறுத்திப் போட்டால் பெயர் போய்விடும். "போகும் சேர்" என்றேன். "ஆனா என்னெண்டு தெரியாம அழிச்சா, நாங்கள்தான் அவரை வெட்டிவிட்டம் எண்டு அவ நினைப்பா. அதுக்குப் பிறகு ஆர் சொன்னாலும் இந்த ஊரை விட்டு அசையமாட்டா."

அதுமட்டுமில்லை. எனக்கும் தெரியாது. அதைத்தான் அவரிடம் சொல்லவில்லை. அது செத்த இணைப்பு என்று என் படிப்பு சொன்னது. ஆனால் என்னுள்ளே ஒரு மூலையில் நானும் அந்த ஊர்க்காரிதான்.

உயிருள்ள இணைப்பா என்று பார்க்க எளிய வழியொன்று உண்டு. வீட்டுக்கு இலக்கம் மாதிரி, இணைப்பில் நிற்கும் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் உண்டு. அவருடைய லப்டொப்பின் எண் சேர்வரில் பதிந்திருந்தது. அந்த எண்ணை அழைத்து, இருக்கிறாயா என்று கேட்கலாம். இருந்தால் பதில் ஒரு வரியாகத் திரையில் வரும். இல்லாவிட்டால் வராது. அக்கா என் கதிரைக்குப் பின்னால் நின்றார். வராது என்று எண்ணித்தான் தட்டினேன்.

பதில் வந்தது.

ஒரு வரி. பிறகு அடுத்தது. பிறகும். கிணறு வெட்டப் பூதம் வெளிக்கிட்ட கதையாய்ப் போயிற்று. நானா தலையில் கையை வைத்துக்கொண்டு "யா அல்லாஹ்" என்றார். என் தோளில் அக்காவின் கை வந்து விழுந்தது.

எங்களிடம் கம்பியில்லாத இணைப்பும் இருந்தது. மதிலுக்கு வெளியே வீதியிலும் பிடிக்கும். அப்படியென்றால் அந்த லப்டொப்பை வைத்துக்கொண்டு யாரோ இப்போது மதிலோரத்தில் நிற்க வேண்டும். அவரா? அவரைக் கொண்டுபோனவர்களா? மேலாளர் தானே போய் வெளியே எட்டிப் பார்த்தார். ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று கடதாசிப் பெட்டியைச் சப்பிக்கொண்டு நின்றதாம். வேறு ஒருவரும் இல்லை. ஆனாலும் கதவுக்குத் தாழ் போட்டுவிட்டு வந்தார்.

"அக்கா, நீங்கள் இதில இருந்து திரையைப் பாருங்கோ. வரி வந்துகொண்டிருக்கும்வரை வருகுது எண்டு சொல்லுங்கோ. நிண்டா நிண்டிட்டுது எண்டு சொல்லுங்கோ. நான் ஒவ்வொண்டாக் கழட்டிப் பாக்கப்போறன்."

முதலில் கம்பியில்லா இணைப்பை நிறுத்தினேன்.

"வருகுது" என்றார் அக்கா.

அப்படியென்றால் வீதியில் இல்லை. வீட்டுக்குள்ளேதான் எங்கோ. கம்பிகள் எல்லாம் வந்து சேரும் பெட்டி சாப்பாட்டறைச் சுவரில் இருந்தது. அதற்கு முன்னால் முழங்காலில் நின்று முதலாவது கம்பியைப் பிடுங்கினேன். நானாவின் கணினி.

"வருகுது."

அடுத்தது மேலாளரின் அறை.

"வருகுது."

அந்தக் குரலை என்னால் மறக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உரத்து, கொஞ்சம் இளமையாகி வந்தது. பின்னால் நானாவும் அவரோடு சேர்ந்து மெல்லச் சொல்லத் தொடங்கினார். மகளும் விளையாட்டென்று நினைத்து, "வருகுது, வருகுது" என்று காலை ஆட்டிக்கொண்டு சொன்னாள். ஒவ்வொரு கம்பியையும் பிடுங்க முதல் நான் என்ன வேண்டினேன் தெரியுமா? நிற்கக் கூடாது என்று. எல்லாக் கம்பியையும் கழற்றிய பிறகும் அந்தப் பதில் வர வேண்டும் என்று. படித்ததெல்லாம் பொய்யாகட்டும் என்று. அப்படி வேண்டிக்கொண்டே பிடுங்கினேன்.

"நிண்டிட்டுது."

மீண்டும் செருகினேன்.

"வருகுது."

கையில் இருந்தது நீலக் கம்பி. சுவரோரமாக அதைத் தடவிக்கொண்டு போனேன். அலுமாரிக்குப் பின்னால் புகுந்து, மண்டபத்தைக் கடந்து, அன்று காலையில் பெட்டி உடைத்து நானே இணைத்த புதுப் பிரின்டரில் போய் முடிந்தது. மின்சாரம் போய்வந்ததில், எண்களைப் பங்கிட்டுக் கொடுக்கும் கருவி பழைய நினைவையெல்லாம் இழந்துவிட்டது. முதலில் வந்து கேட்டதற்கு, வெறுமையாகக் கிடந்த எண் என்று அவருடைய எண்ணைத் தூக்கிக் கொடுத்திருக்கிறது. நாங்கள் இருக்கிறாயா என்று கேட்டபோதெல்லாம் இருக்கிறேன் என்று சொன்னது அந்தப் பிரின்டர்.

அக்கா எழும்பி வந்து பார்த்தார். "கம்பியைக் கழட்டுங்கோ" என்றார். கழற்றினேன். போய்த் திரையைப் பார்த்துவிட்டு வந்தார். "போடுங்கோ." போட்டேன். திரும்பவும் போய்ப் பார்த்தார். "இன்னொருக்கா." ஒரு கணக்குக்குத் தப்பான விடை வரும்போது பிள்ளையிடம் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் ரீச்சர் மாதிரி. ஒவ்வொரு தடவையும் விடை அதுவாகவே வந்தது. கடைசியில் அவர் பிரின்டருக்குப் பக்கத்தில் நிலத்திலேயே இருந்துவிட்டார். நானும் இருந்தேன். நானா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போனார்.

"அப்ப அந்தப் பேர்?"

"அது சேர்வரின்ர நினைப்பு அக்கா. மற்றப் பக்கம் ஆளில்லை. அவர் மூடாமப் போனவர். எங்கட சேர்வரில, இவ்வளவு நேரம் பாத்திட்டு விட்டிடு எண்டு ஒருத்தரும் எழுதி வைக்கேல்ல. அதால பாத்துக்கொண்டே இருக்குது."

"அதுக்கு எப்ப தெரிய வரும்?"

"நான் துண்டிச்சாத்தான் தெரியும்."

துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஊதி ஓய்ந்தது.

"நாளைக்கு நான் போறன் தங்கச்சி" என்றார். "பிள்ளைக்காகப் போறன். ஆனா ஒண்டு. இப்ப துண்டிக்காதேங்கோ. நான் இந்த ஊரில நிக்கேக்க அதைச் செய்யாதேங்கோ. வான் கந்தளாய்க் குளத்தைத் தாண்டினாப் பிறகு நான் போன் பண்ணுறன். அப்ப செய்யுங்கோ. அவர் இருக்கிற இடத்தில இருந்துதான் நான் வெளிக்கிட வேணும். இல்லாத இடத்தில இருந்து வெளிக்கிட என்னால ஏலாது."

நான் தர்க்கம் பிடித்தவள். வேறு யாராவது சொல்லியிருந்தால், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டிருப்பேன். அன்றைக்கு "ஓம் அக்கா" என்று மட்டும் சொன்னேன். கோப்பைப் பிரதி எடுத்து நானாவிடம் கொடுத்து, வேலையை அதில் நடத்துங்கள் என்றேன். மேலாளர் வந்து பிரச்சினை முடிந்ததா என்று கேட்டார். நாளைக்கு முடியும் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், தன் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் போனார். அன்றிரவு தாயும் மகளும் மேலாளரின் குடும்பத்தோடு தங்கினார்கள். ஹோர்ன் அடித்தபோது நான் சேர்வரை வழமைபோல உறையவைத்தேன். எத்தனையோ நாள் சலித்துக்கொண்டு செய்த வேலை. அன்றைக்கு ஒரு பிள்ளைக்குப் போர்த்துவிடுகிற கவனத்தோடு செய்தேன்.

காலையில் அதை எழுப்பிப் பார்த்தேன். பெயர் இருந்தது. நானாவும் மேலாளரும் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை, தாங்களாகவே வந்தார்கள். வெயில் ஏறிய பிறகு தொலைபேசி அடித்தது. சாரதியின் கைத்தொலைபேசியிலிருந்து அக்கா.

"தங்கச்சி, குளம் தாண்டிட்டம்."

"ஓம் அக்கா."

"பேர் இருக்கோ இன்னும்?"

"இருக்கு அக்கா. பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

வானின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "சரி. இனிச் செய்யுங்கோ" என்றார்.

சுட்டியை அந்தப் பெயருக்குக் கொண்டுபோனேன். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசிக்குள் மகளின் குரல் கேட்டது. "ஆரம்மா? அப்பாவோ?"

அக்கா இல்லை என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். ஒரு சொல்தான். இனி எத்தனையோ வருசம் அவர் சொல்ல வேண்டியிருந்த சொல். அதை அந்த வானுக்குள், அன்றைக்கு, அவரால் தொடங்க முடியவில்லை.

"ஓம்" என்றார்.

தொலைபேசி கைமாறும் சத்தம். பிறகு என் காதுக்குக் கிட்ட ஒரு சின்ன மூச்சு. "அப்பா, நாங்கள் மாமா வீட்ட போறம். நான் பெரிய குளம் பாத்தனான். கடல் மாதிரி இருக்கு. நீங்களும் வாங்கோ."

நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். ஒரு சொல் சொன்னால் பெண் குரல் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். நானாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிச் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"அம்மா, அப்பா ஒண்டும் கதைக்கிறாரில்லை."

"கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். நீ சொல்லு" என்றார் அக்கா.

பிள்ளை சொல்லத் தொடங்கினாள். வானில் தனக்கு யன்னல் பக்கம் கிடைத்ததை, ஆமிக்காரர் பையைத் திறந்து பார்த்ததை, பாவாடையில் தேத்தண்ணி ஊற்றுப்பட்டதை, ஒன்றையும் விடாமல். காட்டுப் பாதையில் சிக்னல் அறும் வரைக்கும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் அந்தப் பெயரைத் துண்டித்தேன்.